புல்லட்டின் புஷ்ராடும் எழுதப்படாத பட்டறை வரலாறும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அமரவிளைச் சோதனைச்சாவடியைக் கடந்த புல்லட்டுகள் மட்டும் எல்லைக்கு இருபுறமும் ஒரே ஊரிலிருந்து வந்தவை. சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டுதான்.

உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்து மோட்டார்த் தொழில் பற்றிய கட்டுரைகளில் 'தேக்கம்' என்னும் சொல் தவறாமல் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் ரெடிச் ஆலை கைவிட்ட வடிவத்தை நாம் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டிருந்தோம் என்பது உண்மையே. ஆயினும் ஆலையின் தேக்கத்தைப் பட்டறையின் தேக்கமாகக் கொள்வது ஆய்வுப் பிழை. இதற்கு நான் காட்டும் சான்று எந்திரத்தின் வால்வு இயக்கத் தொகுதி.

அதன் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புல்லட்டின் காம்கள் கீழே, வலப்பக்கப் பெட்டிக்குள் இருக்கின்றன. வால்வுகளோ மேலே, சிலிண்டர் ஹெட்டில். இடையே டாப்பெட், நீண்ட புஷ்ராட், ராக்கர். வால்வை மூடுவது ஸ்பிரிங். சுழல்வேகம் இருமடங்கானால் இவ்வுறுப்புகளின் நிலைமவிசை நான்கு மடங்காகும். அப்போது ஸ்பிரிங் தோற்றால் டாப்பெட் காமைவிட்டு விலகும், வால்வு மிதக்கும், வாய்ப்புக் கெட்டால் பிஸ்டன் அதன் தலையில் மோதும். கடினமான ஸ்பிரிங் போட்டால் தீருமா? புஷ்ராட் வளையும், காமின் முகம் தேயும். ஆகவே எடையைக் குறைப்பதே முதல் வேலை, ஸ்பிரிங் அதற்குப் பின். வால்வு உயர்வைக் கூட்டும் காம் இவற்றுக்கெல்லாம் பிறகே. ஓர் உறுப்பை மட்டும் மாற்றியவர் மற்றோர் உறுப்பில் விலை கொடுப்பார்.

1953இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சோழவரத்துப் போர்க்கால விமானத்தளம் பந்தயக் களமாயிற்று. வெளிநாட்டு உதிரிபாகங்கள் அரிதாயிருந்த அக்காலத்தில், கையிலிருக்கும் எந்திரம் கூடுதல் காற்றை உள்ளிழுக்கும்படி செய்வதே வேகத்துக்கு வழி. வால்வு இருக்கையைச் செதுக்குவதும், நுழைவழியை வழுவழுப்பாக்குவதும், ராக்கரை எடை குறையத் தேய்ப்பதும் கடைசல் எந்திரமும் அரமும் கொண்டு செய்யக்கூடியவை. பந்தயத்தில் வென்றவரின் பெயரைச் செய்தித்தாள் அச்சிட்டது. காமைத் தேய்த்தவரின் பெயர் அங்கே இடம்பெறுவதில்லை. கோவை எஸ். கரிவரதனைப் போல வண்டியையும் வடிவமைத்து ஓட்டவும் செய்தவர்களே நினைவில் நின்றார்கள். நம் வரலாற்றெழுத்தின் சாய்வு இங்கேயும் வர்க்கச் சாய்வுதான்.

ஆலைகளும் முற்றிலும் உறங்கவில்லை. அம்பாசிடர் 1959இல் பக்கவால்வு எந்திரத்தை விட்டு மேல்வால்வு எந்திரத்துக்கு மாறியது. அதே ஆண்டில் ரானே குழுமத்தின் எஞ்சின் வால்வ்ஸ் நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது. வெப்பம் தாங்கும் உலோகத்தாலான தலையை வேறொரு எஃகுத் தண்டோடு உராய்வால் பற்றவைக்கும் வால்வுகளைப் பந்தய மாணவர்கள் இன்று எளிதாகக் கருதுகிறார்கள். 1927இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவரது விமான எந்திரத்தின் வெளியேற்று வால்வுகள் உட்புறம் சோடியத்தால் குளிர்விக்கப்பட்டவை என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். வேகத்தின் எல்லையை உலோகம் வகுத்தது.

1977இல் புல்லட் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. பின்னர் அந்நாட்டு வணிகர்கள் அதற்கு உயர்திறன் காம்களையும் ஸ்பிரிங்குகளையும் விற்றனர். அங்கே அது அட்டவணையில் விலையோடு அச்சிடப்பட்ட அறிவு. இங்கே அதே அறிவு வாய்மொழியாகவே கைமாறியது.

எங்கள் பகுதி மெக்கானிக்குகள் குளிர்ந்த எந்திரத்தின் பக்க மூடியைத் திறந்து, இரு விரல்களால் புஷ்ராடைச் சுழற்றிப் பார்ப்பார்கள். தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் அசையக்கூடாது. அளவுத்தகடு தேவையில்லை. சிறுவனாக நானும் சுழற்றிப் பார்த்து, இறுக்கமாக இருப்பதை 'சரி' என்று சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

2009 வாக்கில் ஹைட்ராலிக் டாப்பெட் வந்தபோதே அந்தச் சோதனை தேவையற்றதாயிற்று. 2023இல் புல்லட் 350, காமைச் சிலிண்டர் ஹெட்டிலேயே கொண்ட புதிய எந்திரத்தைப் பெற்றது. சுழற்றிப் பார்க்க இப்போது அதில் புஷ்ராடே இல்லை. அந்த விரல்களுக்கு உரியவர்கள் இன்னும் இருக்கும்போதே அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்ல விரும்பும் ஆய்வு மாணவர்கள் எனக்கு எழுதலாம்.