பிறப்புப் பதிவில் ஓரக்குறிப்பு

பிறப்புப் பதிவேட்டில் பதிவான விவரத்தைத் திருத்தவோ ரத்து செய்யவோ பதிவாளர் பக்க ஓரத்தில் எழுதும் குறிப்பு. இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதை வரையறுக்கிறது. அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் நடப்பில் இருந்தது.

திருத்தம்: மூலப் பதிவை அழிக்கவோ மாற்றி எழுதவோ கூடாது. தந்தை பெயர் ‘கந்தசாமி’ என்று தவறாகப் பதிவாகியிருந்தால், அது அப்படியே நிற்கும். ‘கந்தையா’ என்ற சரியான பெயர் ஓரத்தில் ஏறும். பதிவாளரின் கையொப்பமும் திருத்திய தேதியும் அதனுடன் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைப் பதிவாளர் விசாரித்துத் திருத்தலாம். உண்மை விவரத்திலேயே பிழை என்றால், விவரம் அறிந்த நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி தேவை.

பெயர் சேர்த்தல்: பழைய சான்றிதழ்கள் பலவற்றில் பெயர் இராது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டுமே இருக்கும். இது பிழையன்று. பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதியலாம். பின்னர் பெயரைச் சேர்க்க 14ஆம் பிரிவு இடமளிக்கிறது.

தேதிகள்: பிறந்த தேதி, பதிவு தேதி, திருத்திய தேதி, சான்றிதழ் வழங்கிய தேதி ஆகியவை வெவ்வேறானவை. பிறந்து ஓராண்டுக்குப் பின் பதிவு செய்திருந்தால், அதற்கு நடுவர் ஆணை அடிப்படையாக இருக்கும்.

பயன்: முதலில் சொல்லப்பட்டது எது, பிறகு மெய்ப்பிக்கப்பட்டது எது என்ற இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்டுவதால், வாரிசுரிமைக்கும் குடும்ப வரலாற்றுக்கும் இக்குறிப்பு அரிய சான்று.