பதினேழரை வயதில் யார் துணை?



கோலியர்ஸ் வுட்டிலோ ரூட்டிங்கிலோ உங்கள் வகுப்பிலேயே, "என் விசா எப்போது முடியும்?" என்ற கவலையோடு ஒரு பிள்ளை இருக்கலாம். சட்டத்தரணி வைக்கக் காசில்லாத பிள்ளைக்கு யார் உதவுவது? இந்தக் கேள்விக்கு இங்கே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1949இல் வந்த சட்ட உதவிச் சட்டம், வசதியில்லாதவரின் சட்டத்தரணிக்கு அரசே பணம் கொடுக்க வழி செய்தது. 1970இல் வட கென்சிங்டனில், முன்பு இறைச்சிக்கடையாக இருந்த இடத்தில், நாட்டின் முதல் சட்ட மையம் திறந்தது. சட்டத்தரணி என்றாலே தயங்கியவர்களும் கடைக்குள் போவதுபோல உள்ளே போகலாம்.

சட்டத்தரணியின் அருமை நம்மவர்களுக்கும் தெரியும். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் உடைகளைக் களைந்து விமானம் ஏற மறுத்தார்கள். சட்டத்தரணிகள் நீதிமன்றம் போய் அந்தப் பயணத்தை நிறுத்தினார்கள்.

ஆனால் 2013 ஏப்ரல் 1 முதல், அகதிக் கோரிக்கை தவிர்ந்த பெரும்பாலான குடிவரவு வழக்குகளுக்குச் சட்ட உதவி நின்றது. தனியாக வந்து, அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்ட பிள்ளைக்குப் பதினேழரை வயதுவரை மட்டுமே அனுமதி கிடைக்கலாம். அதன்பின் "நான் வளர்ந்தது இங்கேதான்" என்று வாதாட அப்போது பொதுவாக அரசு உதவி இருக்கவில்லை. ஏழு வருடம் இங்கே வாழ்ந்த பிள்ளை தங்க அனுமதி கேட்கலாம் என்று 2012 முதல் விதி இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? படிவம் நிரப்பி, ஆதாரம் சேர்த்து, வாதாட ஆள் வேண்டுமே!

சில்ட்ரன்ஸ் சொசைட்டி வழக்குப் போட்டது. இஸ்லிங்டன் சட்ட மையம் அதை நடத்தியது. 2018 ஜூலையில் அரசு இறங்கி வந்தது. 2019 ஒக்டோபரில், பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சட்ட உதவி மீண்டது. 2022 ஜூனிலிருந்து, இங்கேயே பிறந்து ஏழு வருடம் வாழ்ந்த பிள்ளை, நாட்டைவிட்டுப் போகச் சொல்வது நியாயமில்லை என்று காட்டினால், நேரடியாக நிரந்தர வதிவிடம் பெறலாம்.

பெற்றோருடன் வாழும் பிள்ளைகளுக்கு அந்த உதவி இன்னும் தானாகக் கிடைப்பதில்லை. விதிவிலக்காகத் தரும்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நண்பர் யாராவது கடிதத்தைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தால், விசா முடியுமுன்பே சட்ட மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். பதிவில்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம் என்பதையும் சொல்லி வையுங்கள்.