கண்ட செயலும் காணாத நோக்கமும்: சிறுமியர் சாஃப்ட்பாலில் நடுவரின் தீர்ப்பு

1. ஆய்வின் எல்லை

சாஃப்ட்பால் 1887இல் சிகாகோவில், ஒரு படகுக் கழகத்தின் உள்ளரங்கில் தோன்றியது. சிறார் விளையாட்டு அமைப்பான லிட்டில் லீக் சிறுமியருக்கென இந்த ஆட்டத்தை 1974 முதல் நடத்தி வருகிறது. பன்னிரண்டு வயது வரையிலான பிரிவில் பிட்சர் நிற்கும் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 40 அடி. ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 60 அடி. இவ்வளவு சிறிய களத்தில் ஒரு நொடித் தயக்கம்கூட ஓர் ஓட்டமாக மாறிவிடும். எதிராளியைத் தயங்க வைக்கும் தந்திரங்கள் இங்கே பெருகுவதற்கு இதுவே முதற்காரணம். விதிகளை முழுதும் கற்றிராத வயது இரண்டாவது காரணம்.

அமெரிக்கச் சிறுமியர் ஆட்டங்களில் இத்தகைய தந்திரங்களையும், விதிப் புத்தகம் எதிர்பாராத நிகழ்வுகளையும் நடுவர் எவ்வாறு கையாளுகிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள். நடுவர் தான் கண்ட செயலுக்குத் தீர்ப்பளிக்கலாம். நோக்கத்தை அவர் எடைபோட வேண்டி வந்தால், அச்செயல் எந்தக் கணத்தில் நடந்தது என்பதுதான் அவர் கையிலுள்ள நம்பகமான சான்று. கீழே வரும் வழக்குகளை இந்தக் கருத்தைக் கொண்டே அணுகுகிறேன்.

2. அதிகாரம் எங்கிருந்து வருகிறது

லிட்டில் லீக் விதிகளில் இரு பிரிவுகள் முக்கியமானவை. விதி 4.06, பார்வையாளர்களைத் தூண்டிவிடுவது, எதிரணியினரை இழித்துப் பேசுவது, பிட்சரை விதிமீறிப் பந்தெறிய வைக்கும் நோக்கில் அசைவது, பேட்டரின் பார்வைக் கோட்டில் வேண்டுமென்றே நின்று கவனத்தைக் குலைப்பது ஆகியவற்றைத் தடைசெய்கிறது. நடுவர் முதலில் எச்சரிக்கலாம், தொடர்ந்தால் வெளியேற்றலாம். விதி 9.01, புத்தகம் குறிப்பிட்டுச் சொல்லாத எதையும் தீர்மானிக்கும் உரிமையை நடுவருக்குத் தருகிறது. வெளியேற்றப்பட்டவர் தம் அணியின் அடுத்த ஆட்டத்தையும் இழப்பார் என்பதால் இந்த அதிகாரத்தின் எடை பெரிது. சிறு வயதினரிடம் அதை எடுத்த எடுப்பில் பயன்படுத்தாமல், முதலில் பயிற்சியாளரை அழைத்துப் பேசும் நடுவரே விதியின் உள்ளக்கருத்தை உணர்ந்தவர் என்பது என் துணிபு.

3. தந்திரத்தின் வகைகள்

3.1. ஆட்டத்துக்குள் அடங்குபவை

மூன்றாம் பேஸில் ஓர் ஓட்டக்காரி நிற்கிறாள். பேட்டர் நான்கு பால்கள் பெற்று முதல் பேஸுக்குச் செல்கிறாள். அங்கே நிற்காமல் இரண்டாம் பேஸை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறாள். அவளைப் பிடிக்கப் பந்தை எறிந்தால் மூன்றாம் பேஸில் இருப்பவள் ஹோமுக்குப் பாய்வாள்; எறியாவிட்டால் இரண்டாம் பேஸ் இலவசம். பத்து வயதுப் பிட்சர் திகைத்து நிற்பதைப் பார்க்கும் பெற்றோர் இதை அநியாயம் என்று கூவுவது வழக்கம். ஆனால் இது முழுக்கச் சட்டப்படியானது. முதல் பேஸில் நிற்காதவரை அவள் மேலே போகலாம்.

இதற்கு மாற்று மருந்தையும் விதிப் புத்தகமே தருகிறது. பிட்சரின் பலகையைச் சுற்றி 16 அடி விட்டமுள்ள வட்டம் ஒன்று உண்டு. பிட்சர் அதற்குள் பந்தோடு நின்று, யாரையும் அவுட்டாக்க முனையாமல் இருக்கும்போது, பேஸை விட்டு வெளியே நிற்கும் ஓட்டக்காரி உடனே முன்னேற வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். இடையில் நின்று ஊசலாடினால் அவள் அவுட். ஆகவே இங்கே நடுவரின் வேலை கண்ணைக் கால்களிலிருந்து எடுக்காமல் இருப்பது மட்டுமே. ஓடுபவள் தந்திரம் செய்கிறாளா என்று அவர் கேட்கத் தேவையில்லை. அவள் நின்றாளா, எப்போது நின்றாள் என்பதைக் கண்டால் போதும்.

மூன்றாம் ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிடும்போது, இரண்டு அவுட் ஆகாத நிலையில் முதல் பேஸில் ஏற்கெனவே ஆள் இருப்பதால், தான் அவுட் என்பதை அறியாமல் ஓடும் பேட்டரின் நிலையும் இதுபோன்றதே. பொதுவாக, அவுட்டான ஒருத்தி தொடர்ந்து ஓடி எதிரணியை ஏமாற்றிப் பந்தை எறிய வைப்பது குறுக்கீடாகக் கருதப்படலாம். அமெரிக்காவின் தேசிய அமைப்பான யு.எஸ்.ஏ. சாஃப்ட்பாலின் விதிகள் இந்த மூன்றாம் ஸ்ட்ரைக் ஓட்டத்துக்கு மட்டும் விலக்குத் தருகின்றன. நிலைமையை அறிந்திருப்பது தடுப்பவர்களின் கடமை என்று விதி கொள்வதாகவே இதைப் புரிந்துகொள்கிறேன்.

3.2. பந்தில்லாத கையால் தொடுவது போல் நடித்தல்

பந்து கையில் இல்லாமலேயே, இதோ தொட்டு அவுட்டாக்குகிறேன் என்பதுபோலக் கையுறையைத் தாழ்த்துவதும் ஏமாற்றுதான். ஆனால் இதன் விளைவு வேறு. வேகமாக ஓடிவரும் சிறுமி கடைசிக் கணத்தில் சறுக்க முடிவெடுக்கிறாள். கணுக்காலோ முழங்காலோ முறுக்கிக்கொள்கிறது. யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் விதிகள் இதைத் தடங்கலாகக் கொள்கின்றன. நடுவர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆட்டம் தொடரும், முடிந்த பிறகு, தடங்கல் இல்லாவிட்டால் எந்தப் பேஸை அடைந்திருப்பாளோ அதை ஓட்டக்காரிக்கு வழங்குவார். ஆட்டத்தை உடனே நிறுத்தாததில் ஒரு நியாயம் உண்டு. நிறுத்தினால் ஏமாற்றப்பட்டவளுக்கே இழப்பு நேரக்கூடும். மேற்சொன்ன ஓட்டத் தந்திரம் எதிராளியின் அறிவைச் சோதிக்கிறது. இதுவோ அவள் உடலைப் பணயம் வைக்கிறது. முதல் முறையே கடுமையாக எச்சரிப்பதில் தவறில்லை என்பேன்.

3.3. குரல்

சிறுமியர் சாஃப்ட்பாலின் அழகுகளில் ஒன்று, அமர்விடத்திலிருந்து அணித் தோழிகள் சேர்ந்து பாடும் ஊக்கப் பாட்டு. அதைத் தடுக்க நடுவருக்குக் காரணமில்லை. பாட்டு எதிரணிப் பிட்சரின் பெயரையோ உருவத்தையோ தொட்டால் விதி 4.06 தானே வந்து நிற்கும். கடினமானது இடைப்பட்ட வகை: சொற்களில் குற்றமில்லை, ஆனால் பிட்சரின் கை சுழலும் அதே கணத்தில் கூச்சல் திடீரென உயர்கிறது. ஒரு முறை நடந்தால் தற்செயல் என்று விடலாம். ஒவ்வொரு பந்துக்கும் அதே கணத்தில் உயர்ந்தால் நோக்கம் வெளிப்பட்டுவிட்டது. கவனித்து, எண்ணி, பிறகே பேசும் நடுவரோடு பயிற்சியாளர் வாதிட முடியாது.

4. நேரத்தைக் கடத்துதல்

நேர வரம்புள்ள போட்டிகளில் முன்னிலையில் உள்ள அணி காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே இருக்கும். பின்னால் உள்ள அணிக்குப் புதிய இன்னிங்ஸ் வேண்டுமென்றால் பிட்சர் எறியும் முன்பே பேஸை விட்டு வேண்டுமென்றே ஓடி அவுட் ஆகும். முதல் வகைக்கு 20 நொடிக்குள் பந்தெறிய வேண்டும் என்ற வரம்பு பெருமளவு உதவும். இரண்டும் எல்லை மீறினால், ஆட்டத்தை நீட்டவோ சுருக்கவோ அப்பட்டமாக முயலும் அணிக்குத் தோல்வி அறிவிக்கும் அதிகாரம் விதி 4.15இல் உள்ளது.

5. வேண்டுமென்றே தோற்றல்: போர்ட்லாந்து, 2015

நடுவரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் வழக்கு இது. 2015 ஆகஸ்டில் ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் நடந்த லிட்டில் லீக் சாஃப்ட்பால் உலகத் தொடரில், அதுவரை தோல்வியே காணாத வாஷிங்டன் அணி, வட கரோலினாவிடம் ஒரு ஹிட்கூட இல்லாமல் 8-0 என வீழ்ந்தது. அத்தோல்வியால் அயோவா அணி வெளியேற நேர்ந்தது. முக்கிய ஆட்டக்காரர்களை அமர்த்திவிட்டு, வலுவான எதிரணியைத் தவிர்க்கவே வாஷிங்டன் இப்படி ஆடியது என்று அயோவா முறையிட்டது.

களத்து நடுவர் என்ன செய்திருக்க முடியும்? மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவது உரிமை. மெல்லத் தட்டி பன்ட் ஆடுவது உரிமை. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொரு செயலும் விதிக்குள் இருந்தது; குற்றம் இருந்தால் அது மொத்தத்தில் இருந்தது. மொத்தத்தை எடைபோடும் இடம் போட்டிக் குழு. குழு தோல்வியை ரத்து செய்யவில்லை. வாஷிங்டனும் அயோவாவும் மறுநாள் மோத வேண்டும், வென்றவர் முன்னேறலாம் என்றது. அயோவா 3-2 என வென்றது. சிறுமியரைத் தண்டிக்காமல் ஆட்டத்தாலேயே தீர்வு கண்ட முடிவு என்பதால் இதைச் சரியென்று கருதுகிறேன். ஆயினும் பெரியவர்கள் வகுத்த திட்டத்துக்கான பழியைச் சிறுமியர் சுமந்தது வேதனையானது.

6. புத்தகம் எதிர்பாராதவை

எதிர்பாராத நிலையை நடுவர் எதிர்கொள்வதற்குக் கல்லூரி ஆட்டம் ஒன்று நல்ல பாடம். 2008 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தின் எல்லென்ஸ்பர்க்கில், வெஸ்டர்ன் ஆரெகன் ஆட்டக்காரி சாரா டுகோல்ஸ்கி தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். முதல் பேஸருகே முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். சொந்த அணியினர் உதவினால் அவுட். மாற்று ஓட்டக்காரியை இறக்கினால் ஹோம் ரன் வெறும் சிங்கிளாகும் என்றார் நடுவர். எதிரணியின் மல்லரி ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கிச் சென்று ஒவ்வொரு பேஸையும் தொட வைத்தனர். அதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை; நடுவரும் தடுக்கவில்லை.

மாற்று ஓட்டக்காரி ஹோம் ரன்னை முடித்திருக்கலாம் என்பதும், நடுவரின் விளக்கம் பிழை என்பதும் பின்னர்த் தெரியவந்தன. அந்தத் தோழமையைப் போற்றுவோர் இப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். நடுவர் பயிற்சிக்கு இதுவே முக்கியம். விதி 9.01 தரும் விருப்புரிமை, புத்தகம் உண்மையிலேயே வாய்மூடும் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே வழக்கமில்லாத எதுவும் நேர்ந்தால் ஆட்டம் நின்றபின் நடுவர்கள் பயிற்சியாளர்களிடமிருந்து விலகி நின்று கலந்து பேச வேண்டும். லிட்டில் லீக் விதிப்படி, நடுவரின் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட முடியாது. விதியைத் தவறாகப் பொருத்தினார் என்று முறையிடலாம், அதுவும் அடுத்த பந்து எறியப்படும் முன்பே. ஆகவே பயிற்சியாளர் கேள்வியோடு களத்துக்குள் வரும்போது, அடுத்த பந்துக்கு அனுமதி தராமல் அவர் சொல்வதை முழுதும் கேட்பது நடுவரின் கடமை.