நாயகன் யாருடைய சொத்து? அங்கத அதிநாயகச் சித்திரக்கதைகளின் வரலாறு, 1953–2012

எண்பதுகளில் லயன் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வலைத்துப்பாக்கியும் ஹெலிகாருமாக வந்த அவன், குற்ற உலகின் சக்கரவர்த்தியாக முடிசூடத் துடித்தவன். 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் அவன் பிறந்தான். டெட் கோவன் தொடங்கிவைத்த அந்தத் தொடரை வெகு விரைவிலேயே வேறொருவர் எழுதத் தொடங்கினார். அக்கால பிரிட்டிஷ் இதழ்கள் எழுதியவர் பெயரை அச்சிடுவதில்லை. அந்த வேறொருவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர்.

1938இல் 130 டாலருக்கு இருவரும் சூப்பர்மேனின் உரிமையை எழுதிக் கொடுத்தார்கள். அதை மீட்க 1947இல் வழக்குத் தொடுத்ததும் வேலையும் போனது, கதைகளின் தலைப்பில் இருந்த பெயர்களும் போயின. 1975இல் பொதுமக்களின் கண்டனத்துக்குப் பிறகே ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயரும் திரும்பக் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில்தான் சீகல், உலகின் மிக நல்ல நாயகனைப் படைத்த அதே கையால், கடல் கடந்த ஓர் இதழுக்குப் பெயரில்லாமல் ஒரு திருடனின் கதையை எழுதிக்கொண்டிருந்தார்.

வயது வந்தோருக்கான இருண்ட அங்கத அதிநாயகக் கதைகளைப் பற்றிப் பேசுவோர், அவை நாயக வழிபாட்டின் மீதான நம்பிக்கை தகர்ந்ததால் பிறந்தவை என்பார்கள். வியட்நாம், வாட்டர்கேட், தாட்சர் என்று காரணங்களை அடுக்குவார்கள். அவை பொய்யல்ல. ஆனால் கதைகளையும் அவற்றைப் படைத்தவர்களின் ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்னொரு இழை தெரிகிறது. 'நாயகன் நல்லவனா?' என்பதைவிட 'நாயகன் யாருடைய சொத்து?' என்பதே இந்த மரபு விடாமல் கேட்டுவந்த கேள்வி. இக்கட்டுரை அந்த இழையைப் பின்தொடர்கிறது.

தொடக்கப் புள்ளியே ஒரு வழக்குதான். ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் தங்கள் சூப்பர்மேனின் நகல் என்று நேஷனல் நிறுவனம் (பின்னாளின் டி.சி.) 1941இல் நீதிமன்றம் சென்றது. பன்னிரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1953இல் ஃபாசெட் 4,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு நாயகனையும் நிறுத்தியது. அதே ஆண்டு இ.சி. நிறுவனத்தின் 'மேட்' நான்காவது இதழில் ஹார்வி கர்ட்ஸ்மன் எழுதி வாலி உட் வரைந்த 'சூப்பர்டூப்பர்மேன்' வெளிவந்தது. இதில் சூப்பர்டூப்பர்மேனும் கேப்டன் மார்பிள்ஸும் மோதுகிறார்கள். மார்பிள்ஸ் நற்செயல்களைக் கைவிட்டுப் பணத்துக்காக மாறியவன். அவன் உச்சரிக்கும் மந்திரச் சொல்லின் கடைசி எழுத்து 'பணம்' என்பதைக் குறிக்கிறது. இரு நிறுவனங்கள் நீதிமன்றத்தில் போட்ட சண்டையைத்தான் கர்ட்ஸ்மன் தெருச்சண்டையாக மாற்றிக் காட்டினார். நேஷனல் இ.சி. நிறுவனத்தின் மீதும் வழக்குப் போடப்போவதாக மிரட்டியது.

அந்த வழி உடனே அடைபட்டது. 1954இல் அமெரிக்க செனட் துணைக்குழு சித்திரக்கதைகளை விசாரித்தது. அதே ஆண்டு பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள். நிலைபெற்ற அதிகாரத்தின் மீது அவமதிப்பு தோன்றும்படி காவலரையோ அரசு அலுவலரையோ காட்டக் கூடாது, தீமை ஒருபோதும் வெல்லக் கூடாது என்றன அதன் விதிகள். அந்த விதிகளின்படி தரப்பட்ட முத்திரை இல்லாத இதழைப் பெரும்பாலான விநியோகஸ்தர்கள் எடுக்கவில்லை. அதிகாரத்தின் முகத்தை வரைய முடியாத இடத்தில் அங்கதம் எப்படி வாழும்? 'மேட்' 1955இல் பத்திரிகை வடிவுக்கு மாறித் தப்பியது. அதிநாயகர்களுக்கு அப்படித் தப்பும் வழி இருக்கவில்லை.

கதை பிரிட்டனுக்குப் போகிறது; போகக் காரணமும் அதே வழக்குதான். கேப்டன் மார்வெல் மறுபதிப்புகளை விற்றுவந்த எல். மில்லர் நிறுவனத்துக்கு 1953க்குப் பிறகு சரக்கு இல்லை. மிக் ஆங்லோவைக் கொண்டு 1954இல் 'மார்வெல்மேன்' என்ற மாற்றுருவை உருவாக்கிக்கொண்டார்கள். 1963 வரை ஓடி நின்றுபோன அந்த நாயகனை 1982இல் 'வாரியர்' இதழில் ஆலன் மூர் மீட்டெடுத்தார். ஓவியர் கேரி லீச். மூரின் கதையில் மார்வெல்மேனின் பழைய சாகசங்கள் எதுவும் நடந்தவையே அல்ல. அரசின் இரகசியத் திட்டமொன்றில், மயக்கத்தில் கிடத்தப்பட்ட மனிதர்களின் மூளையில் ஒரு விஞ்ஞானி புகுத்திய கனவுகள் அவை. அந்தக் கனவுகளுக்கு அவன் மாதிரி எடுத்தது ஒரு மலிவான குழந்தைகள் சித்திரக்கதையிலிருந்து. நகலாகப் பிறந்த நாயகனுக்கு, 'நீ ஒரு நகல். உன்னைச் செய்தவன் உன்னை வைத்திருந்தான்' என்று கதைக்குள்ளேயே தெரியவருகிறது. பதிப்புரிமையின் வரலாற்றை இவ்வளவு துயரமான கதையாக மாற்றிய படைப்பு வேறொன்றை நான் அறியேன்.

பெயரில் 'மார்வெல்' இருந்ததால் தகராறு எழுந்தது. அமெரிக்காவில் 1985 முதல் அது 'மிராக்கிள்மேன்' ஆனது. 2014இல் மார்வெல் நிறுவனமே அதை மறுபதிப்பித்தபோது, தன் பெயரைப் போட மூர் சம்மதிக்காததால், எழுதியவர் இடத்தில் 'மூல எழுத்தாளர்' என்று மட்டும் அச்சானது.

இதே பிரிட்டனில் இன்னொரு ஊற்றும் இருந்தது. 1976இல் ஐ.பி.சி. நிறுவனத்துக்காகப் பாட் மில்ஸ் உருவாக்கிய 'ஆக்‌ஷன்' வார இதழ், வன்முறைக்காகக் கண்டனம் கிளம்பியதும் அக்டோபரில் நிறுத்தப்பட்டு, பல் பிடுங்கப்பட்டு மறுபடி வந்தது. மில்ஸ் அடுத்து உருவாக்கிய '2000 ஏடி' 1977 பிப்ரவரியில் தொடங்கியது. எதிர்காலக் கதை என்ற போர்வை அதற்குக் காவலாக இருந்தது. இரண்டாவது இதழில் ஜட்ஜ் டிரெட் வந்தான். ஜான் வாக்னரும் ஸ்பானிய ஓவியர் கார்லோஸ் எஸ்கேராவும் படைத்த அவன், காவலனும் நீதிபதியும் தண்டனை நிறைவேற்றுபவனும் ஒருவனேயான மனிதன். அவனைச் சிறுவர்கள் ரசித்தார்கள். பெரியவர்களானதும் தாம் ரசித்தது எதை என்று யோசித்தார்கள்.

ஆனால் உரிமை முழுதும் நிறுவனத்துக்கே. யார் எழுதினார், யார் வரைந்தார் என்று வாசகருக்குச் சொல்லும் வழக்கம்கூட இல்லை. '2000 ஏடி' அலுவலகத்தில் இருந்த இளம் ஓவியர் கெவின் ஓநீல், மேலிடத்தைக் கேட்காமலே கதைகளில் படைப்பாளர் பெயர்ப் பெட்டிகளைப் போடத் தொடங்கினார். இந்த வரலாற்றில் அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு நான் பெரிய இடம் தருவேன். அவற்றின் வழியாகத்தான் மூரையும் மில்ஸையும் போன்றோரை வாசகர்கள் பெயர் சொல்லித் தேடினார்கள். அமெரிக்கப் பதிப்பாளர்களும் தேடினார்கள்.

அமெரிக்காவில் அதற்குள் விற்பனை முறையே மாறியிருந்தது. எழுபதுகளில் உருவான நேரடி விற்பனையில், காமிக்ஸ் கடைகள் திருப்பித் தரும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கழிவு விலையில் இதழ்களை வாங்கின. வாசகர் வயது கூடியது. தணிக்கை முத்திரை தேவையற்றுப்போனது. மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986–87இல் பன்னிரண்டு இதழ்களாகப் படைத்த 'வாட்ச்மென்' இந்தச் சந்தையின் குழந்தை. நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். நூல் அச்சில் இல்லாமல் போகவே இல்லை. புகழே அவர்களின் கையைக் கட்டிப்போட்டது.

அதே 1986இல், மூர் எழுதிய ஒரு கிரீன் லேண்டர்ன் கதைக்குத் தணிக்கைக் குழு முத்திரை மறுத்தது. இன்ன காட்சி என்று சுட்டித் திருத்தச் சொல்லவில்லை. வரைந்தவரின் பாணியே ஏற்கத்தக்கதல்ல என்றது. வரைந்தவர் கெவின் ஓநீல்.

மறு ஆண்டே மில்ஸும் ஓநீலும் 'மார்ஷல் லா'வைத் தொடங்கினார்கள். படைப்பாளிகளுக்கே உரிமை தரும் எபிக் பிரிவின் கீழ் வந்தது அது. அந்தப் பிரிவை 1982இல் தொடங்கியது, ஸ்பைடர்மேனுக்குச் சொந்தக்காரரான மார்வெல் நிறுவனம். நிலநடுக்கத்தில் நொறுங்கிய சான் பிரான்சிஸ்கோவின் இடிபாடுகளில் எழுந்த சான் ஃபியூச்சுரோ நகரம் கதைக்களம். தென் அமெரிக்கப் போருக்காக அரசு மனிதர்களை மரபணு மாற்றி, வலியே உணராத அதிநாயகர்களாக்கி அனுப்பியது. போர் முடிந்ததும் அவர்கள் வேலையும் அமைதியும் இல்லாமல் தெருவில் திரிகிறார்கள். அவர்களை வேட்டையாடும் காவலன் ஜோ கில்மோரும் அதே போரில் இருந்தவன்தான். கையில் முள்கம்பி சுற்றியிருப்பான். தேசத்தின் பெருமையாகக் கொண்டாடப்படும் பப்ளிக் ஸ்பிரிட்டை ஒரு காலத்தில் வணங்கியவன். ஓநீலின் பக்கங்களில் உடையில், சுவரில், தோலில்கூட எழுத்துகள் மொய்க்கின்றன. தணிக்கைக் குழு எந்தப் பாணியை மறுத்ததோ அந்தப் பாணியின் முழு வீச்சு. அங்கதம் என்ற அளவுகோலில் 'வாட்ச்மென்'னைவிட இதையே நான் மேலாக வைப்பேன். 'வாட்ச்மென்' நாயகர்களின் மனத்துக்குள் இறங்குகிறது. 'மார்ஷல் லா' அவர்களை உற்பத்தி செய்த தொழிற்சாலைக்குள் போகிறது.

அமெரிக்கர்களில் இந்த இழையைப் பற்றிக்கொண்டவர் ரிக் வீச். 1988இல் டி.சி., பேட்மேனின் துணைவன் ராபின் சாக வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. சாகட்டும் என்று 5,343, வாழட்டும் என்று 5,271. இரண்டு ஆண்டுகள் கழித்து வீச் தானே பதிப்பித்த 'பிராட் பேக்', துணைவர் வேடமிட்ட சிறுவர்கள் பெரியவர்களால் எப்படிச் சுரண்டப்படுகிறார்கள் என்று காட்டியது. அடுத்து வந்த 'மேக்ஸிமார்ட்டல்' சீகலும் ஷஸ்டரும் ஏமாற்றப்பட்ட கதைக்கே நேரடியாகப் போனது.

இந்த இழையின் அடுத்த கண்ணியான கார்த் என்னிஸ் 1970இல் வடஅயர்லாந்தில் பிறந்தவர். வளர்ந்தது '2000 ஏடி'யிலும் பிரிட்டிஷ் போர்க்கதைகளிலும். அதிநாயகர் மீது அவருக்குக் குழந்தைப் பாசம் கிடையாது. ஆனால் குருட்டு வெறுப்பும் கிடையாது. 'ஹிட்மேன்' 34ஆம் இதழில் அவர் எழுதிய சூப்பர்மேன், ஓர் உயிரைக் காப்பாற்ற முடியாமல் போனதைச் சொல்லிக் குமுறும் காட்சி அந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்த மிக மரியாதையான காட்சிகளில் ஒன்று. அவரும் டாரிக் ராபர்ட்சனும் 2006இல் தொடங்கிய 'தி பாய்ஸ்', வாட் அமெரிக்கன் என்ற ஆயுத நிறுவனத்தைக் கதையின் நடுவில் வைத்தது. வேதிக் கலவை ஒன்றால் நாயகர்களை உற்பத்தி செய்வதும், அவர்களைப் புகழும் காமிக்ஸ் அச்சிடுவதும் அந்த நிறுவனமே. அந்தக் காமிக்ஸை எல்லாம் ஒரு காலத்தில் எழுதிய லெஜண்ட் என்னும் கிழவர், கடையொன்றின் நிலவறையில் பழைய இதழ்க் குவியலுக்கிடையில் உட்கார்ந்து, எது நடந்தது, எது அச்சானது என்று கதாநாயகன் ஹியூயிக்குப் பிரித்துச் சொல்கிறார். தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதிர்ச்சிக்காகவே அடுக்கப்பட்ட பாலியல் வன்முறைக் காட்சிகள் பல இடங்களில் அந்தக் கூர்மையை மழுக்குவதையும் மறைக்க முடியாது.

ஆறு இதழ்களோடு டி.சி.யின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு தொடரை நிறுத்தியது. தன் சொந்த நாயகர்களை ஒத்த பாத்திரங்கள் இப்படிச் சித்திரிக்கப்படுவது அதற்கு நெருடலாக இருந்தது. சீகலின் காலமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உரிமை என்னிஸிடமும் ராபர்ட்சனிடமும் இருந்ததால், ஏழாவது இதழ் முதல் தொடர் டைனமைட் நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்து, 2012இல் 72ஆம் இதழோடு, அவர்கள் நினைத்த இடத்தில் முடிந்தது. அந்த முடிவில் நிறுவனத்தின் தலைமை நாயகனான ஹோம்லேண்டர் உயிரோடு இல்லை. வாட் அமெரிக்கன் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, புதிய நாயகர் குழு ஒன்றை மேடையேற்றுகிறது.