நீண்டகால நோய் உள்ளவர்கள் புகைப்பதை நிறுத்த மருந்து எடுத்துக்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை

நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய்களுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு வருபவர்களுக்கு, புகைப்பதை நிறுத்த உதவும் மருந்து என்றாலே தயக்கம் ஏற்படுவது இயல்பு. "இருக்கிற மாத்திரைகளே போதும்" என்று எண்ணிப் பலர் பீடியையோ சிகரெட்டையோ தொடர்கின்றனர். வேறு சிலர் மருத்துவரிடம் தெரிவிக்காமல் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பயன்படுத்துகின்றனர். இரண்டுமே பாதுகாப்பானவை அல்ல. நோய் உள்ளவருக்குப் புகையே மருந்தைவிடப் பெரிய ஆபத்து. அதே நேரத்தில், எந்த மருந்து, எந்த அளவில் என்பதை உங்கள் நோயையும் நீங்கள் உட்கொள்ளும் பிற மருந்துகளையும் அறிந்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வகை மருந்துகள்

முதல் வகை நிகோட்டின் மாற்று மருந்துகள். மெல்லும் கம், வாயில் வைத்துக் கரைக்கும் வில்லை, தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை இதில் அடங்கும். இவை புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல், நிகோட்டினை மட்டும் குறைந்த அளவில் உடலுக்குத் தந்து ஏக்கத்தைத் தணிக்கின்றன. மற்ற இரண்டும் மருத்துவரின் சீட்டுடன் மட்டுமே வாங்க வேண்டிய மாத்திரைகள்: வரெனிக்ளின், புப்ரோபியான். இவை இரண்டிலும் நிகோட்டின் இல்லை.

கம்மைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. காரச் சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, பின்னர் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் மெல்லலாம். வேகமாக மென்று உமிழ்நீரை விழுங்கினால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் ஏற்படும். காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றைக் குடித்த 15 நிமிடங்களுக்குள் கம் மென்றால் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. பலர் "கம் வேலை செய்யவில்லை" என்று கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயிற்றுப்புண், வாய்ப்புண், தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கும் பல்செட் அணிந்தவர்களுக்கும் கம்மைவிடப் பட்டை ஏற்றதாக இருக்கலாம். தோல் அழற்சி உள்ளவர்களுக்குப் பட்டை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம்

"நிகோட்டின் இதயத்துக்குக் கெடுதல்தானே, பிறகு எப்படி அதையே மருந்தாகத் தருகிறார்கள்?" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சிகரெட்டை இழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளையை எட்டுகிறது. உடன் வரும் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. புகை இரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. பட்டையிலிருந்து நிகோட்டின் மணிக்கணக்கில் மெதுவாக இறங்குகிறது. மற்றவை அதில் இல்லை. எனவே, நோய் நிலையாகக் கட்டுப்பாட்டில் உள்ள இதய நோயாளிகளுக்கு மருத்துவர்கள் நிகோட்டின் மாற்று மருந்தைப் பரிந்துரைக்கின்றனர். கடந்த இரண்டு வாரங்களுக்குள் மாரடைப்பு ஏற்பட்டிருந்தாலோ, தீவிரமான இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலோ, நெஞ்சுவலி நாளுக்கு நாள் அதிகரித்து வந்தாலோ, இதய மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கக் கூடாது.

புப்ரோபியான் சிலருக்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நிகோட்டின் பட்டையுடன் சேர்த்துத் தரப்படும்போது இதற்கான வாய்ப்பு மேலும் கூடுகிறது. ஆகவே தொடங்கும் முன்பும், தொடங்கிய பின்னர் இடையிடையேயும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்களிடம் அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் உயர்ந்து, நாடித்துடிப்பு மிகவும் குறையக்கூடும் என்பதையும் நினைவில் கொள்க.

வலிப்பு வந்ததுண்டா?

புப்ரோபியானைத் தொடங்கும் முன் நீங்கள் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி இது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்து தரப்படுவதில்லை. சிறு வயதில் ஒருமுறை வந்து நின்றுவிட்டது, தலையில் அடிபட்டபோது வந்தது என்றாலும் கூறிவிடுங்கள். குடும்பத்தில் இதைப் பேசத் தயங்குவதால், மணமாகி வந்தவருக்கே தெரியாமல் இருப்பதுண்டு. உடனிருந்து கவனிப்பவர்கள் நோயாளியின் பெற்றோரிடமோ உடன்பிறந்தோரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நாள்தோறும் மது அருந்திவந்து திடீரென்று நிறுத்தியவர்களுக்கும், தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும், உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்கும் இம்மருந்து ஏற்றதன்று. புகையையும் மதுவையும் ஒரே நாளில் விட முடிவு செய்திருந்தால் அதை முன்கூட்டியே தெரிவிக்கவும். வலிக்காக டிராமடால் சாப்பிடுபவர்களும், இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். சர்க்கரை அளவு தாழ்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு உயரும். மாத்திரையை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. இரண்டு வேளைகளுக்கு இடையில் குறைந்தது 8 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

சிறுநீரக நோயும் மனநலமும்

வரெனிக்ளின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைத்தே தர வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், அண்மைய கிரியாட்டினின் பரிசோதனை முடிவு உள்ளவர்களும் அந்த விவரத்தை மருத்துவரிடம் கொண்டு செல்லவும். குமட்டலே இம்மருந்தின் பொதுவான பக்கவிளைவு. உணவுக்குப் பின் ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் சாப்பிட்டால் பெரும்பாலும் குறையும்.

மனநோய் உள்ளவர்கள் இம்மாத்திரைகளை எடுக்கவே கூடாது என்று முன்னர் அஞ்சப்பட்டது. மனநோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், வரெனிக்ளினோ புப்ரோபியானோ கடுமையான மனநலப் பாதிப்புகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்விரு மருந்துகளின் உறையில் இருந்த மிகக் கடுமையான எச்சரிக்கையை நீக்கியது. ஆயினும் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் மிகையெழுச்சி நிலையைத் தூண்டக்கூடும். புகையை விட்ட முதல் வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, சோர்வு ஆகியவை மருந்தே இல்லாமலும் வரும். எது எதனால் என்று வீட்டில் தீர்மானிக்க முயலாமல், மாற்றம் தென்பட்டதும் மனநல மருத்துவரை அணுகவும்.

புகை நின்றால் மற்ற மருந்துகளின் அளவு மாறும்

பலர் அறியாத செய்தி இது. புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, குறிப்பிட்ட மருந்துகளை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன. புகைப்பவருக்கு அவற்றின் அளவு அதற்கேற்பக் கூட்டித் தரப்பட்டிருக்கும். புகை நின்றதும் அத்தூண்டுதல் சில நாட்களிலேயே குறைகிறது. அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் இரத்தத்தில் மருந்து தேங்குகிறது. இது நிகோட்டினால் நிகழ்வதன்று. ஆகவே பட்டை ஒட்டியிருந்தாலும் நிகழும். மெல்லும் புகையிலையை மட்டும் பயன்படுத்தி வந்தவருக்கு இந்த மாற்றம் ஏற்படாது.

மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின் இவற்றுள் முக்கியமானது. டெரிஃபிலின் மாத்திரையில் இதுவும் உள்ளது. அளவு மிஞ்சினால் வாந்தி, கை நடுக்கம், படபடப்பு, வலிப்பு ஏற்படலாம். மனநோய்க்கான குளோசபின், ஒலன்சபின் ஆகியவையும் இவ்வாறே உயரும். அதிகத் தூக்கமும் தள்ளாட்டமும் அதன் அறிகுறிகள். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் புகையை நிறுத்திய பின் இரத்தம் உறையும் நேரப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். எனவே புகையை நிறுத்தும் நாளை முன்னதாகவே மருத்துவரிடம் கூறிவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் புகைக்காமல் இருந்தவர் வீடு திரும்பி மீண்டும் புகைத்தால், மருந்தின் அளவு தலைகீழாகக் குறையும். கவனித்துக்கொள்பவர்கள் இதையும் மறைக்காமல் கூற வேண்டும்.

காபியும் இதே வழியில்தான் சிதைகிறது. வழக்கமான நான்கு குவளைகள் திடீரென்று எட்டுக் குவளைகளின் வேலையைச் செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் மருந்தினால் வந்தவை என்று எண்ணும் முன் காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் புகையை விட்டபின் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்யத் தொடங்கலாம். பசி கூடி எடையும் ஏறலாம். முதல் சில வாரங்கள் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பரிசோதிக்கவும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்த மருந்தையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

மருத்துவரிடம் செல்லும்போது

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பெறும் மாத்திரைகள், சித்த மருந்துகள், கடையில் வாங்கிய வலி மாத்திரைகள் ஆகியவையும் அதில் இருக்கட்டும். எத்தனை பீடி அல்லது சிகரெட், எழுந்த எத்தனை நிமிடங்களில் முதல் புகை என்பதையும் சொல்லவும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்குப் பொதுவாக 4 மி.கி. கம்மும், அதற்குப் பின் புகைப்பவருக்கு 2 மி.கி. கம்மும் பொருந்தும்.

இடையில் ஒருமுறை தவறிப் புகைத்துவிட்டால் பட்டையைப் பிய்த்தெறியவோ மாத்திரையை நிறுத்தவோ வேண்டியதில்லை. மருத்துவரிடம் கூறிவிட்டுத் தொடரவும். பயன்படுத்திய பட்டையிலும் நிகோட்டின் எஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் போடவும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் பட்டையைக் கழற்றிவிடவும்.

நெஞ்சுவலி, வலிப்பு, முகம் அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஏற்பட்டால் மருந்தை நிறுத்தி உடனே 108-ஐ அழைக்கவும். புகையிலைப் பழக்கத்தைக் கைவிடுவது குறித்த இலவச ஆலோசனைக்குத் தேசிய உதவி எண்: 1800-11-2356.