அடையாற்று முகத்துவாரமும் நீரின் மூன்று அடையாளங்களும்

நிறம், மணம், சுவை ஆகியவற்றுள் ஒன்று அசுத்தத்தால் மாறினால் அந்நீர் உளூவுக்கு உதவாது என்பது ஃபிக்ஹு நூல்களின் தொடக்கப் பாடம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆதலால் ஓடும் நீர், தேங்கும் நீர் என்ற பாகுபாட்டை நம் இமாம்கள் விரிவாக ஆராய்ந்தனர்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஏரிகளின் மிகைநீர் அடையாற்றுக்கும் செல்கிறது. சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு சென்னையில் கடலோடு கலக்கிறது. வறண்ட மாதங்களில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும்; கடல்நீர் உட்புகாது, கழிவுநீர் வெளியேறாது. ஓடும் நீர் அங்கே தேங்கும் நீராகிவிடுகிறது!

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. நம் வட்டாரத்தில் கார் ஆலைகள் பெருகியது 1990களின் பிற்பகுதிக்குப் பின்னரே. அதாவது, சட்டம் முந்தியது, ஆலை பிந்தியது. 2011இல் முகத்துவாரத்தை ஒட்டிய கழிமுகப் பகுதியில் 58 ஏக்கரில் சூழலியல் பூங்கா திறக்கப்பட்டது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி திறக்கப்பட்டபோது, ஏரிக்கும் முகத்துவாரத்துக்கும் உள்ள உறவை நகரமே கண்டது.

இன்றைய ஆய்வாளர் கரைந்துள்ள ஆக்சிஜனையும் மலக்கிருமிகளையும் அளக்கிறார். இவை கண்ணுக்கோ நாவுக்கோ புலப்படாதவை. தெளிந்த நீரிலும் மீன் மூச்சடைத்து மடியலாம். அவ்வளவீட்டை நம் ஏரிகளின் கலங்கல்களிலும் தொடர்ந்து எடுத்தாலன்றி, கழிவு எவ்விடத்தில் சேர்ந்தது என்பதை முகத்துவாரத்துக் கணக்கு மட்டும் சொல்லாது.