மே மாதச் சம்பளம்

அயர்லாந்தின் அரசுப் பணியில் ஒரு திட்டம் இருக்கிறது. 'குறுகிய பணியாண்டு' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஊழியர் ஒருவர் ஆண்டில் 2 வாரம் முதல் 13 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். முன்பிருந்த ஒரு திட்டத்தை மாற்றி 2009-இல் கொண்டுவந்தார்கள். பள்ளிகளின் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு இருக்க வேண்டியவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. குறைகிற சம்பளத்தை ஆண்டு முழுவதற்கும் சமமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. எந்த மாதமும் கை முழுதாகக் காலியாவதில்லை. திரும்பி வரும்போது வேலை அப்படியே இருக்கும்.

அதே அயர்லாந்தில் 1973 வரை திருமணமான பெண் அரசுப் பணியில் நீடிக்க முடியாது. மோதிரம் மாற்றிய கையால் ராஜினாமாவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையில் 36 ஆண்டுகள்.

நாம் மட்டும் என்ன? சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அன்னா ராஜம் ஜார்ஜ் 1951-இல் தேர்வானபோது, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று நியமன ஆணையிலேயே எழுதியிருந்தார்கள். அந்த விதி பின்னால் போயிற்று. வெளியுறவுப் பணியிலோ, பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும்; குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். சி.பி.முத்தம்மா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். குடும்பம் ஆணின் வேலைக்கு இடைஞ்சலாகும் என்று எந்த விதியும் யோசித்ததில்லை. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பொருளுக்காகப் பிரிந்து போகிறவன் தலைவன். வாசலைப் பார்த்து நாள் எண்ணுகிறவள் தலைவி. அகத்திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு, அரசு விடுப்பு விதிகளைப் புரட்டும்போது அந்தத் திணை ஒழுக்கம்தான் ஞாபகம் வருகிறது.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கான விடுப்பு விதிகள் 1933-இல் வந்தவை. ஈட்டிய விடுப்பு, ஈட்டா விடுப்பு, கடைசியில் சம்பளமில்லாத அசாதாரண விடுப்பு. பெயரைக் கவனியுங்கள். மாமியாருக்குப் பக்கவாதம், மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, தங்கைக்குப் பிரசவம். நம் வீடுகளில் இவையெல்லாம் சாதாரணம். கோப்பில் ஏறும்போதுதான் அசாதாரணம் ஆகின்றன. மருத்துவச் சான்று இல்லாமல் இந்த விடுப்பில் போனால் அந்த நாட்கள் ஆண்டு ஊதிய உயர்வுக்குக் கணக்கில் வராது, உயர்வு தள்ளிப்போகும். மாமியாரின் நோய்க்கு மருமகள் மருத்துவச் சான்று வைக்க முடியுமா? சான்று அவளுடைய உடம்புக்குத்தான் கேட்கப்படுகிறது.

பிள்ளை பெறுவதற்கான விடுப்பு மட்டும் தமிழ்நாட்டில் வேகமாக வளர்ந்தது. 2011-இல் 6 மாதம், 2016-இல் 9 மாதம், 2021 ஜூலை முதல் 12 மாதம், எல்லாம் முழுச் சம்பளத்துடன். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை வளரவும் வேண்டுமே. மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2008-இல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தந்தது. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, மொத்தப் பணிக்காலத்தில் 730 நாட்கள், சம்பளத்துடன். மாநில ஊழியருக்கு அது தானாக வந்துவிடாது. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர், மரபணு நோயுள்ள மகனைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்பைக் கேட்டு, மாநிலம் மறுக்க, உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகையல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது.

இதுவரை சொன்னதெல்லாம் நிரந்தர வேலை உள்ளவர்களின் வரலாறு. திண்டுக்கல் சமவெளியில் அப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர்?

அயர்லாந்துத் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம், குறுகிய பணியாண்டு நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதம்தான் சம்பளம். 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். அவர்களுக்கும் மே மாதம் சம்பளம் இல்லை என்றே வைத்திருந்தார்கள். மே மாதச் சம்பளம் கேட்டு அவர்கள் போராடியது நாளிதழ்களில் சிறு செய்திகளாக வந்துபோனது. அங்கே ஊழியர் கேட்டு வாங்குகிற சம்பளமில்லாக் கோடை, இங்கே கேட்காமலே வருகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற மாதம், பள்ளிக் கட்டணம் கட்டக் காசு சேர்க்க வேண்டிய மாதம் அது. முனைவர் பட்டம் பெற்ற தோழி ஒருத்தி, "மே மாசம் நான் லீவுல இல்லடி, இல்லாமலே இருக்கேன்" என்றாள்.

அவளுடைய அம்மா வேடசந்தூர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போனவர். 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவை. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் என்று சட்டம் சொன்னது. மிச்சமுள்ள 265 நாளை என்ன பெயரிட்டு அழைப்பது என்று அது சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: வேலையிடத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ சின்னக் குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, மண் வெட்டுகிறவருக்குரிய கூலியே அவருக்கும் தர வேண்டும். பிள்ளை பார்ப்பதும் வேலை என்று எழுதிக் கூலி குறித்த அரசு ஆவணங்கள் நம்மிடம் அதிகமில்லை.

நூற்பாலைகளின் கதை வேறு. வேடசந்தூர் வட்டார ஆலைகளிலும் நடந்த சுமங்கலித் திட்டத்தில், கல்யாணச் செலவுக்கென்று மூன்றாண்டு முடிவில் ஒரு தொகை கொடுப்பதாகச் சொல்லிப் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் வீட்டுக்குப் போனால் தொகை போய்விடும் என்ற பயமே வேலியாக இருந்தது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமோ, ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்றது. பேறுகால விடுப்பில் 12 வாரம் வரை அந்த 240-இல் சேரும் என்றும் சொன்னது. அந்த விடுதிகளில் இருந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்களா?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிற பெண்களுக்கு எந்தச் சட்டத்தின் விடுப்பும் எட்டியதில்லை. பறிக்கிற எடைக்குக் கூலி. பூ விடியலுக்கு முன் செடியை விட்டு இறங்கியாக வேண்டும். மல்லிகை மொட்டுக் கட்டித் தள்ளுவது கோடையில். கௌரவ விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் நிற்கிற மே மாதம், பூக்காட்டில் ஆள் போதாத மாதம்.